லீவ் லெட்டர் வாக்கியம் மட்டும் ஏன் மறப்பதில்லை? நோட்டும் சிவப்புப் பேனாவும் வைத்து ஆங்கிலம் பழகும் முறை

தமிழ் வழியில் படித்தவரிடம் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் தயங்குவார். லீவ் லெட்டர் என்றால் மட்டும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று கை தானாக எழுதிவிடும். 'சஃபரிங்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஃப்ரம்' வரும் என்ற விதியை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. காய்ச்சல் இருந்ததோ இல்லையோ, அந்த வாக்கியத்தை முழுசாகப் பலமுறை எழுதினோம், அவ்வளவுதான்.

நான் இலக்கணப் புத்தகத்தைப் பெயர்ச்சொல்லில் தொடங்கி மூன்று முறை படிக்க ஆரம்பித்தவன். மூன்று முறையும் பன்னிரண்டு காலங்கள் வந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது லீவ் லெட்டர் வழிதான். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். தினம் இருபது நிமிடம் போதும்.

முறை என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ரோஜர் ஆஸ்கம் சொன்னது. அவர் இறந்த பிறகு, 1570இல் அச்சான அவருடைய நூலில் இருக்கிறது: லத்தீன் பத்தியை ஆங்கிலத்தில் எழுது. குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப லத்தீனில் எழுது. பிறகு இரண்டையும் ஒப்பிடு. நாம் லத்தீன் இருந்த இடத்தில் ஆங்கிலத்தையும், ஆங்கிலம் இருந்த இடத்தில் தமிழையும் வைத்துக்கொள்கிறோம்.

முதல் படி: சின்னப் பத்தியாக எடுங்கள்

ஐந்து, ஆறு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் தொடங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு வரியில் இரண்டு சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் பத்தியை விட்டுவிட்டு இன்னும் எளிதாக எடுங்கள்.

இரண்டாம் படி: தமிழில் எழுதுங்கள்

வீட்டில் பேசுகிற மாதிரி இயல்பான தமிழில் எழுதுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழில் 'அவர்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று மறுநாள் தெரியாது. பக்கத்தில் சின்னதாகக் குறித்து வையுங்கள். அப்புறம் ஆங்கிலப் பத்தியை மூடிவிடுங்கள். ஆஸ்கம் ஒரு மணி நேரம் என்றார். ஓர் இரவு தூங்கி எழுந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் மனப்பாடத்திலிருந்து எழுதிவிடுவோம்.

மூன்றாம் படி: மறுநாள் திரும்ப ஆங்கிலத்தில்

அகராதி வேண்டாம், கைப்பேசி வேண்டாம். தெரிந்ததை எழுதுங்கள். தப்பாக வரட்டும், தப்பு வருவதற்காகத்தான் இதைச் செய்கிறோம்.

நான்காம் படி: சிவப்புப் பேனா

இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மூலத்தைத் திறந்து, நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டு, மாறுகிற இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

'ஷி ஹாஸ் லிவ்டு இன் திஸ் ஸ்ட்ரீட் ஃபார் டென் இயர்ஸ். ஷி ஹாஸ் டூ டாட்டர்ஸ். வி டிஸ்கஸ்டு தி மேட்டர் யெஸ்டர்டே. ஷி கேவ் மி சம் அட்வைஸ்.'

நம் தமிழ்: 'அவர் பத்து வருடமாக இந்தத் தெருவில் வசிக்கிறார். அவருக்கு இரண்டு மகள்கள். நேற்று அந்த விஷயத்தைப் பற்றிப் பேசினோம். அவர் எனக்குச் சில அறிவுரைகள் சொன்னார்.'

மறுநாள் நம் கையில் வருவது: 'ஷி இஸ் லிவிங் இன் திஸ் ஸ்ட்ரீட் சின்ஸ் டென் இயர்ஸ். ஷி இஸ் ஹாவிங் டூ டாட்டர்ஸ். வி டிஸ்கஸ்டு அபவுட் தட் மேட்டர் யெஸ்டர்டே. ஷி டோல்ட் மி சம் அட்வைசஸ்.'

ஒவ்வொரு தவறும் நம் தமிழ் வாக்கியத்திலிருந்து நேராக இறங்கி வந்திருப்பதைப் பாருங்கள். 'வசிக்கிறார்' என்ற ஒரே வடிவம் தமிழில் 'வழக்கமாக', 'இப்போது' இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. பத்து வருடம் முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு அங்கே 'ஹாஸ் லிவ்டு' வேண்டும். 'ஹாவிங்' இன்னொரு பொறி. உடைமையையும் உறவையும் சொல்லும்போது 'ஹாவ்' என்ற சொல்லோடு 'இங்' சேராது; 'நோ' (தெரியும்), 'வான்ட்' (வேண்டும்) போன்றவையும் பொதுவாக அப்படித்தான். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் 'ஹாவிங் லஞ்ச்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'பற்றி' என்ற சொல் 'அபவுட்' ஆக ஒட்டிக்கொண்டது; 'டிஸ்கஸ்' அதைக் கேட்காது, 'டாக்' (பேசு) கேட்கும். 'அறிவுரைகள்' பன்மையாக இருந்ததால் 'அட்வைசஸ்' வந்தது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' நாலுக்கும் பன்மை கிடையாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் 'யு' என்ற எழுத்தைப் போட்டிருப்பார்கள்; 'அன்கவுன்ட்டபிள்', அதாவது எண்ண முடியாதது என்று பொருள்.

தவறுக்குத் தமிழ் காரணம் என்றால், திருத்தவும் தமிழே உதவும். 'பத்து வருடமாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2015இலிருந்து' என்று 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. இந்த வித்தியாசம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'எ', 'தி' குழப்பத்துக்குப் பாட்டி கதையை நினைத்துக்கொள்ளுங்கள்: 'ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு...' முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. கதையில் 'எ', 'தி' வருவதும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான். 'எ', 'ஆன்' இரண்டுக்குமோ பள்ளியில் படித்த ஒரு, ஓர் இருக்கிறது: ஒரு வீடு, ஓர் ஊர். அங்கேயும் உயிரொலியைத்தான் பார்க்க வேண்டும், எழுத்தை அல்ல. அதனால்தான் 'ஆன் ஹவர்', ஆனால் 'எ யுனிவர்சிட்டி'. ஒப்புமை முழுசாகப் பொருந்தாத இடமும் உண்டு. 'அவர் டாக்டர்' என்று தமிழில் நிறுத்திவிடலாம், ஆங்கிலத்தில் 'எ டாக்டர்' என்றே சொல்ல வேண்டும்.

மூலத்திலிருந்து மாறுவதெல்லாம் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பிக்' இருந்த இடத்தில் 'லார்ஜ்' எழுதியிருந்தால் குற்றமில்லை. சந்தேகம் வந்தால் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான 'லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்' அகராதி 1978இல் முதன்முதலாக வந்தபோதே, விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதும் வழக்கத்தோடு வந்தது. தொடக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய உதவி.

ஐந்தாம் படி: கல்யாணப் பத்திரிகை அட்டைகள்

சொல்வளத்துக்கு வருவோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டுங்கள். பின்பக்கம் காலியான, கெட்டியான அட்டை இலவசமாகக் கிடைக்கும். அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லை எழுத வேண்டாம். 'அட்வைஸ் = அறிவுரை' என்று எழுதினால் அதோடு 'கிவ்' வரும் என்பது தெரியாமலே போகும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் அட்டையில் அப்படிச் செய்யாதீர்கள். 'பேக்' என்று எழுதினால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, கேக் சுடுவதா? நாலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுங்கள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்ற இரண்டையும் இன்னும் தள்ளித் தள்ளிப் பாருங்கள். 1972இல் செபாஸ்டியன் லெய்ட்னர் என்ற பத்திரிகையாளர் பரப்பிய யோசனை இது. 'அங்கி' போன்ற செயலிகளும் இப்படி இடைவெளி விட்டுக் கேட்பவைதான். நான் பெட்டியையே விரும்புகிறேன், அதில் நோட்டிஃபிகேஷன் வராது. ஒரு நாளைக்கு ஐந்து புது அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆர்வத்தில் முப்பது எழுதினால் இரண்டாம் வாரம் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

ஆறாம் படி: வாயைத் திறங்கள்

அட்டையில் தமிழைப் பார்த்ததும் ஆங்கிலத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் எல்லாமே சரி மாதிரிதான் தோன்றும். சொல்லிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அதே அமைப்பில் உங்கள் வீட்டுக் கதையை வைத்து இன்னொரு வாக்கியம் சொல்லுங்கள்: எத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், யார் உங்களுக்கு அறிவுரை சொன்னார்கள் என்று.

சில அட்டைகள் லேசில் நகராது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ' என்று ஒன்று என்னிடம் இருக்கிறது. 'டு' என்றதும் என் வாய் 'மீட்' என்று முடித்துவிடும். நாலாவது அறை வரை இரண்டு தடவை போய்விட்டு, இப்போது மறுபடி முதல் அறையில் இருக்கிறது.