உடைந்த பொம்மைக் காரிலிருந்து ஒரு கிறுக்கும் ரோபோ

ரோபோட்டிக்ஸ் சொல்லித்தர விலை கொடுத்துக் கிட் வாங்க வேண்டியதில்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் டெபோரா கரோஃபாலோ என்ற அரசுப் பள்ளி ஆசிரியை, தெருவில் கிடந்த குப்பையைப் பிள்ளைகளோடு பொறுக்கி வந்து அதிலேயே ரோபோட்டிக்ஸ் நடத்தினார். 2019இல் உலக ஆசிரியர் விருதுக்கான இறுதிப் பத்துப் பேரில் அவரும் ஒருவர். நாம் ஒரு சின்ன ரோபோவில் தொடங்குவோம். தானே நகர்ந்து தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்கும்.

தேவையானவை: உள்ளே மோட்டார் உள்ள, ஓடாத பொம்மைக் கார், பேப்பர் கப், மூன்று ஸ்கெட்ச் பேனா, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, வயர், டேப், ஒரு துண்டு அழிரப்பர். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளே கொண்டுவந்துவிடுவார்கள். செல்போன் பேட்டரி, சிஎஃப்எல் பல்பு, பழைய டிவி, பயன்படுத்திய ஊசி ஆகியவற்றை மட்டும் வகுப்புக்குள் விடாதீர்கள். சிஎஃப்எல் பல்பில் பாதரசம் உண்டு. செல்போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

முதலில் காரைப் பிரிக்க வேண்டும். இங்கே அவசரமே வேண்டாம். என்னைக் கேட்டால் பாடத்தில் பாதி இதுதான். நீங்கள் பிரித்துக் கொடுக்காமல் ஸ்க்ரூ டிரைவரைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பிரித்ததைச் செய்தித்தாளில் பிளாஸ்டிக், இரும்பு, செம்பு வயர் என்று குவியலாக வைக்கச் சொல்லுங்கள். சுற்றாத மோட்டார் ஒன்று கிடைத்தால் அதையும் திறந்து காட்டுங்கள்: ஓரத்தில் காந்தம், நடுவில் செம்புக் கம்பிச் சுருள். மண்ணைத் தோண்டி எடுத்த செம்பு, பிளாஸ்டிக்கோடு சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போகவிருந்தது என்பது அந்தக் குவியலைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரியும்.

சரி, நல்ல மோட்டாரை எடுங்கள். அதன் அச்சில் சின்னப் பல்சக்கரம் இருந்தால் கழற்றாதீர்கள், பிடிமானத்துக்கு உதவும். அழிரப்பரை நடுவில் இல்லாமல் ஓரமாகக் குத்தி அச்சில் மாட்டுங்கள். எடை ஒரு பக்கமாக இருப்பதால் மோட்டார் சுற்றும்போது குலுங்கும். பல செல்போன்கள் அதிர்வதும் இப்படித்தான்.

அடுத்து, கப்பைக் கவிழ்த்து மூன்று பேனாக்களையும் முனை கீழே இருக்கும்படி கால்களாக ஒட்டுங்கள். மேலே மோட்டார், பக்கத்தில் பேட்டரிகள். ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையைத் தொடும்படி அடுக்கினால் 3 வோல்ட் கிடைக்கும். ரப்பர் துண்டு கப்பில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்புறம் மோட்டாரின் இரண்டு வயர்களையும் பேட்டரி அடுக்கின் இரு முனைகளில் இணைத்து, பேனா மூடிகளைக் கழற்றித் தாளில் விடுங்கள். மோட்டார் இல்லாமல் இரண்டு வயர் முனைகளும் நேராகத் தொட்டுக்கொண்டால் பேட்டரி சூடாகிவிடும், கவனம்.

நகரவில்லையா? உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ரப்பரை இன்னும் தள்ளி மாட்டினால் என்ன ஆகும்? ஒரு காலைச் சாய்த்தால்? பேட்டரி முனைகளை மாற்றினால்? ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, கோடு எப்படி மாறியது என்று தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். முனையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மீந்த செம்பையும் இரும்பையும் காயலான் கடைக்குக் கொடுக்கலாம். தீர்ந்த பேட்டரிகளுக்கு வகுப்பில் தனியாக ஒரு டப்பா வையுங்கள். அது நிறைந்ததும் மின்கழிவு வாங்கும் இடத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.