கலம் 11-இல் ஏறிய களிம்பு

திருகோணமலைக் கடலோரம் உப்புவெளியில் எங்கள் வீட்டுச் சூரிய மின்தொகுதி, 40 சதவீதம் மீதி என்று காட்டும்போதே மாலையில் திடீரென நின்றுவிடும். தண்ணீர் மோட்டாரும் துணி தேய்க்கும் மின்னழுத்தியும் சேர்ந்து ஓடினால் நிச்சயம். விற்றவர்கள் பற்றரியையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலத்தின் வோல்டேஜ், பெரும்பாலான நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். மொத்த வோல்டேஜ் எதையும் சொல்லாது. எங்கள் பற்றரியில் உள்ள 16 கலங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை, ஆர்எஸ்-485 என்ற தரவு வயரால் பற்றரியின் காப்புச் சுற்றுடன் இணைத்தேன்; ஒரு கலம் மிகத் தாழ்ந்தாலும் மின்னைத் துண்டிப்பது இந்தச் சுற்றுத்தான். மொட்பஸ் என்ற தரவுப் பரிமாற்ற முறை வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை கல வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் கோப்பில் எழுத ஒரு சிறிய பைதான் ஸ்கிரிப்ட் போதுமானதாக இருந்தது.

11-ஆம் கலம் சுமையின்போது மற்றவற்றைவிடத் தாழ்ந்தது, மின்னேறும்போது உயர்ந்தது, ஓய்வில் எல்லாவற்றோடும் ஒத்திருந்தது. அப்படியானால் குறை கொள்ளளவில் இல்லை, மின்தடையில்! இணைப்பில் வெறும் 5 மில்லிஓம் ஏறினாலே, 60 ஆம்பியர் ஓடும்போது 300 மில்லிவோல்ட் குறைவாகத் தெரியும். அந்த இடத்தில் 18 வாட் வெப்பமும் பிறக்கும். தீப்பிடிக்கக்கூடிய விஷயம் இது.

மின்னை முழுவதும் துண்டித்துவிட்டுத் திறந்தால், செப்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. கடற்காற்றின் வேலை. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தயாரிப்பாளர் குறித்த முறுக்களவில் இறுக்கினேன். மாலை நிறுத்தம் போய்விட்டது. கலங்களுக்கிடையே வித்தியாசம் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், ஸ்கிரிப்ட் இப்போது டெலிகிராமில் செய்தி அனுப்புகிறது.