கவுட் வாதம்: வலி தணிந்த பிறகு செய்யவேண்டியவை

நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் காலின் பெருவிரல் மூட்டில் தொடங்கும் அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு அதைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. மாலையில் நன்றாக நடந்து திரிந்த கால், விடியும்போது சிவந்து, தோல் மினுங்க வீங்கி, தொட்டால் சுடும் நிலைக்கு வந்திருக்கும். போர்வையின் நுனி பட்டாலும் தாங்காது. எனக்கு இது முதன்முதலில் வந்தது களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் என்பதால், படியில் தடக்குப்பட்டுச் சுளுக்கியிருக்கும் என்று வீட்டார் முடிவுகட்டி, முறிவு நெரிவு பார்க்கும் ஒருவரிடம் கூட்டிச் சென்றார்கள். அவர் எண்ணெய் பூசி உருவிய அந்தப் பத்து நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. சிவந்து வீங்கிய மூட்டை உருவக்கூடாது, சூட்டு ஒத்தடமும் கொடுக்கக்கூடாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

நோயின் காரணம் எளிமையானது. நம் உடலின் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகங்களும் மிகுதியைக் குடலும் வெளியேற்றுகின்றன. இரத்தத்தில் அதன் அளவு ஒரு டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், தேநீரில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட சீனி அடியில் தங்குவதுபோல, மூட்டுகளில் ஊசி வடிவப் படிகங்களாகப் படியத் தொடங்குகிறது. உடலின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் பெருவிரல் மூட்டு அதற்கு வசதியான இடம். பல ஆண்டுகள் சத்தமின்றிப் படிந்தவற்றில் சில ஒருநாள் கழன்று மூட்டுக்குள் விழும்போது உடல் அவற்றை எதிரியாகக் கருதித் தாக்குகிறது. நாம் வலி என்று அறிவது அந்தச் சண்டையைத்தான்.

இங்கு பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான நோயாளிகளுக்கு யூரிக் அமிலம் கூடுவதற்கு முதன்மைக் காரணம், சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாமைதான். பரம்பரை, உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், சில மருந்துகள் ஆகியவை இதற்குப் பின்னணியாக இருக்கின்றன. ஆகவே வாவி இறாலைத் தின்றதால் வந்த வினை என்று நோயாளியைக் குற்றவாளியாக்குவது பாதி உண்மைகூட ஆகாது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது; அதன் பிறகு அவர்களுக்கும் இது வரும்.

முதல் தாக்குதலின்போது செய்யவேண்டியது வைத்தியரைக் காண்பதுதான். மூட்டு வீக்கத்தோடு கடும் காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்த நிலையாக இருக்கலாம் என்பதால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுணுக்குக்காட்டியில் படிகங்களைப் பார்ப்பதே உறுதியான சோதனை. அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. பெரும்பாலும் அறிகுறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். தாக்குதல் நடக்கும் நாட்களில் இரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரண அளவாகவும் காட்டக்கூடும். அதைப் பார்த்து இது கவுட் அல்ல என்று முடிவுகட்டாமல், வலி தணிந்து இரண்டு கிழமைகளின் பின் மீண்டும் சோதிக்கவேண்டும். அறிக்கையில் அலகையும் கவனியுங்கள்: சில ஆய்வுகூடங்கள் மில்லிகிராமிலும் சில மைக்ரோமோலிலும் எழுதுகின்றன, டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு ஏறத்தாழ 360 மைக்ரோமோல்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஒரு நாளும் மூட்டு வலிக்காத ஒருவருக்கு வேறு ஏதோ சோதனையோடு சேர்த்து யூரிக் அமிலம் பார்க்கப்பட்டு 7.5 என்று வந்ததும், வாழ்நாள் மருந்து தொடங்கிவிடுகிறார்கள். தாக்குதலோ சிறுநீரகக் கல்லோ இல்லாத நிலையில் எண்ணுக்கு மட்டும் மருந்து பொதுவாகத் தேவைப்படாது.

தாக்குதலின்போது காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 அல்லது 20 நிமிடங்கள் வைத்தெடுக்கலாம். மருந்தை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பலன் கூடும். முதல் 12 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. இபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்ற வலிநிவாரணிகள், கொல்ச்சிசின், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் என மூன்று வழிகள் உண்டு. எது யாருக்கு என்பதை மற்ற நோய்களே தீர்மானிக்கின்றன. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், இரைப்பைப் புண் உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதல் வகையைத் தவிர்க்கவேண்டும். டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. பிரெட்னிசொலோன் நீரிழிவுக்காரரின் சீனியை ஏற்றிவிடும். கொல்ச்சிசினைப் பொதுவாக அரை மில்லிகிராம் குளிசையாக நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை தருவார்கள். வயிற்றோட்டம் வரும்வரை விழுங்கும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது.

முதல் மூன்று ஆண்டுகளில் நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறை வலித்தபோதும் பக்கத்துப் பாமசியில் வைத்தியரின் துண்டு எதுவும் இல்லாமலே கிடைத்த டைக்ளோபெனாக்கைக் கிழமைக்கணக்கில் விழுங்கினேன். வலி போனது, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறியது. அம்பாறை மாவட்டத்தின் சில பகுதிகள் உட்பட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டும் நாட்டில் இது சிறிய விடயமல்ல.

கார்த்திகைப் பூக் கொடியின் கிழங்கைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். அதிலும் கொல்ச்சிசின் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைந்த பொருள் இது; கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. அதை உண்டு இறந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். வாதத்துக்கு நல்லது என்று யாராவது அரைத்துத் தந்தால் வாங்கவேண்டாம்.

மருந்தில்லாவிட்டாலும் ஒரு தாக்குதல் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாக அடங்கிவிடும். அதனால்தான் நம்மவர்கள் அத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். படிகங்களோ மூட்டிலேயே இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ தாக்குதல் வருவோர், காதுமடலிலோ முழங்கையிலோ சுண்ணாம்புபோல் வெள்ளைக் கட்டி தோன்றியோர், சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ உள்ளோர் ஆகியோருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் தொடர் மருந்து தேவை. பெரும்பாலும் அது அலோபியூரினோல். 100 மில்லிகிராமிலோ, சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அதிலும் குறைவாகவோ தொடங்கி, சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, அளவு 6 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை வைத்தியர் கூட்டுவார். கட்டிகள் இருந்தால் 5க்குக் கீழே கொண்டுவர முயல்வார். ஒரே அளவை எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் இரத்தமே பாராமல் விடுவது அரைகுறை வைத்தியம். கிளினிக்கில் நாமே கேட்டுப் பரிசோதிக்கவேண்டும்.

இந்த மருந்தைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் தாக்குதல்கள் கூடவும் கூடும். பழைய படிகங்கள் கரையும்போது நேர்வது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்துவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். அதைத் தடுக்கவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்குச் சிறிய அளவில் கொல்ச்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். இடையில் வலி வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தாமல் வலிக்கு வேறாக மருந்தெடுக்கவேண்டும். நிறுத்தவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு: தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், அரிதாக வந்தாலும் உயிராபத்தான ஒவ்வாமை அது.

உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் கிடைக்கும் இறக்கம் ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் என்றாலும் அதைத் தள்ளிவிட முடியாது. ஈரல் முதலான உள்ளுறுப்புகளை விடவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சி வீட்டில் நிறையும் நாட்களில் ஒரு துண்டோடு நிறுத்தவேண்டும். சூடை, நெத்தலி, இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றை அன்றாடம் என்பதிலிருந்து எப்போதாவது என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். பியர் மற்ற மதுவைவிடக் கெடுதலானது, சாராயமும் விலக்கல்ல. போத்தல் குளிர்பானங்களின் இனிப்பு யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. பருப்பையும் கீரையையும் ஒதுக்கச் சொல்பவர்களை நம்பவேண்டாம்; தாவரப் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கோப்பியும் கொழுப்பு நீக்கிய பாலும் நல்லவை. நம் எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம், ஆகவே சட்டியோடு அமராமல் கரண்டியோடு நிறுத்துங்கள். படுவான்கரை வயலில் வெயிலில் நிற்பவர்கள் இரண்டு லீற்றருக்குக் குறையாமல் நீர் குடிக்கவேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவோடு நிற்கவேண்டும். உடல் எடையைக் குறைப்பது நல்லது, பட்டினி கிடந்து குறைப்பது தாக்குதலை அழைக்கும்.

இறுதியாக, இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், இதயத்துக்கு எடுக்கும் குறைந்த அளவு அஸ்பிரின் போன்றவை யூரிக் அமிலத்தைக் கூட்டலாம். லோசாட்டன் சற்றுக் குறைக்கும். எதையும் நாமாக நிறுத்தக்கூடாது, குறிப்பாக அஸ்பிரினை. அழுத்தக் கிளினிக்கில் கவுட் இருப்பதைச் சொல்லி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக்கொண்டால், அடுத்த முறை புதிய வைத்தியர் ஒருவர் மருந்தெழுதும்போது அவர் கண்ணில் அது படும்.