ரோம்ல மிஸ் பண்ணக்கூடாத மூணு அடுக்கு சர்ச்

ரோம் போறவங்க கொலோசியம் பாத்த கையோட நடக்குற தூரத்துல இருக்குற சான் கிளெமென்தே சர்ச்சுக்கும் போயிட்டு வந்துருங்க, வெளிய இருந்து பாத்தா சுமாராத்தான் தெரியும் ஆனா விஷயமே கீழதான் இருக்கு. மேல 12-ம் நூற்றாண்டு சர்ச், டிக்கெட் எடுத்து படி இறங்குனா 4-ம் நூற்றாண்டு சர்ச், அதுக்கும் கீழ ரோமானியர் காலத்து கட்டடம், அங்க மித்ராஸ் சாமி காளையை வெட்டுற மாதிரி செதுக்குன பலிபீடம். 1857ல ஒரு அயர்லாந்து பாதிரியார் தோண்ட ஆரம்பிச்சு வெளிய வந்ததுதான் இதெல்லாம். நடு அடுக்குல ஒரு சுவரோவியம் இருக்கும், அதுல தூணை இழுக்குற ஆளுங்களை முதலாளி திட்டுற கெட்ட வார்த்தையை அப்படியே எழுதி வச்சிருக்காங்க (சர்ச்சுலயேதான்!), தேடிப் பாருங்க. அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்கும், ஜில்லுனு ஈரமா இருக்கும், தோள் மூட ஒரு ஷாலும் வழுக்காத ஷூவும் போதும்.