கரடி நடமாடும் ஊரில் கூடாரம் போட்டுத் தங்க

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போனால் லீவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பார்க்கக் கூட்டிப் போவார்கள். அதன் மேற்கு வாசலை ஒட்டி, மான்டானா மாநிலத்தில் வெஸ்ட் எல்லோஸ்டோன் என்று ஒரு குட்டி ஊர். போன ஜூலையில் அங்கே கூடாரத்தில் இரண்டு ராத்திரி படுத்தேன். கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பத்துத் தெருவிலிருந்து இந்த வருஷம் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் குக்கர். கடலூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரம், ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. அங்கே 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு குறைவு, வேக நேரமாகும். அது தெரியாமல் முதல் நாள் வெறும் பாத்திரத்தில் உலை வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பருக்கையை நசுக்கினால் நடுவில் இன்னும் வெள்ளைப் புள்ளி! பேத்தி பிரெட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப் போனாள். மறுநாள் குக்கர் வைத்தேன். இங்கே மூன்று விசில் விடுகிற அரிசிக்கு அங்கே ஐந்து. பருப்புக்கும் அப்படித்தான். குக்கரைப் பெட்டியில் கொண்டுபோகலாம். அடுப்புக்கான கேஸை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், விமானத்தில் விட மாட்டார்கள்.

அப்புறம் கரடி. இடம் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், சில முகாம்களில் கரடி பயத்தால் துணிக் கூடாரத்தையே விடுவதில்லை. தின்பண்டம் உள்ளே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வாசனைக்குக் கரடி வரும் என்பதால் பற்பசை, சோப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய்கூடக் கூடாது என்பதுதான் நமக்குப் பழகாத விஷயம். நான் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தேன். மருமகள் டார்ச்சோடு வந்து, "அத்தை, அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கிப்போய்க் காருக்குள் பூட்டினாள். (குளிரில் அது கட்டியாக உறைந்திருந்தது, அது வேறு கதை.) அரிசி களைந்த தண்ணீரை வீட்டில் வாழைக்கு ஊற்றிப் பழகிய கை, அங்கேயும் மரத்தடிக்குத்தான் போகும். ஊற்றிவிடாதீர்கள், கழுவும் தொட்டி எங்கே என்று கேட்டு அதில் கொட்டுங்கள்.

குளிருக்குப் போர்வையை அடுக்குவதில் பயனில்லை. ஜில்லென்று ஏறுவது தரையிலிருந்து. கோரைப்பாய் போதாது, வெறும் காற்றடைத்த மெத்தையும் போதாது, உள்ளே நுரை வைத்த, குளிர் தடுக்கும் தடித்த மெத்தை வேண்டும். காதை மூடக் குல்லாய் மறக்காதீர்கள், ஜூலை என்று ஏமாறாதீர்கள்.

கூடாரம் கட்டுவது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. 2011இல் தானே புயல் வீட்டு ஓடுகளைப் பிய்த்துப் போட்டபின் மாதக்கணக்கில் தார்ப்பாய் கட்டியவர்கள் நாங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், நேராக அடித்தால் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். மகன் நேராகத்தான் அடித்திருந்தான். நாலையும் பிடுங்கி நான் மறுபடி அடித்தேன்.