பழைய கலியாண வீடியோவின் ஓரத்தை வெட்டுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு கலியாண வீடியோ கசெற்றோ, அதிலிருந்து எப்போதோ எடுத்த டிவிடியோ இருக்கும். போன மாதம் பெரியம்மா தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தார். கொம்பியூட்டரில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு, கீழ் விளிம்பில் கிழிந்த துணி காற்றில் அடிபடுவதுபோல ஒரு கீற்று துடித்துக்கொண்டே இருக்கிறது. "உந்தக் கோட்டை வெட்டி எடுக்கேலாதே தம்பி?" என்று கேட்டார்.

வெட்டலாம். அந்தக் கீற்று கசெற் பழுதானதால் வந்ததும் இல்லை. டெக்குக்குள் சுழலும் ஹெட் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது, வீஎச்எஸ் கசெற் எல்லாவற்றிலும் இருக்கும். பழைய பெட்டி ரீவிகள் படத்தின் விளிம்பை மறைத்தே காட்டியதால் அந்தக் காலத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயம். நீளத்தில் வெட்டுவது வேறு, ஓரத்தை வெட்டுவது வேறு. தொடக்கத்தில் பத்து நிமிடம் வெறும் பந்தலையே காட்டுகிறார்கள், அது வேண்டாம் என்றால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளால் எதையும் திரும்ப என்கோட் பண்ணாமல், அதாவது படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதாமல், வெட்டிவிடலாம், தரம் துளியும் குறையாது (நீங்கள் நினைத்த செக்கனுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வெட்டும், பரவாயில்லை). ஓரத்தை வெட்டினால் படம் முழுவதையும் திரும்ப என்கோட் பண்ணியே ஆகவேண்டும், கொஞ்சம் இழப்பு வரும். அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைத்திருக்க ஒரே வழி, இருக்கிறதிலேயே மூத்த பிரதியை எடுத்து எல்லா வேலையையும் ஒரே தடவையில் முடிப்பதுதான். இன்றைக்கு ஓரம், நாளைக்கு நிறம், அடுத்த கிழமை சத்தம் என்று மூன்று தடவை என்கோட் பண்ணினால் மூன்று தடவையும் தேயும். வாட்ஸ்அப்பில் வந்த பைலில் தொடங்கவே வேண்டாம்.

டிவிடியை முழு ஃபோல்டராகவே கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணி, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரைத் திறவுங்கள். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் க்ராப்பிங்கைக் கஸ்டம் என்று மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கை நான் நம்புவதில்லை, இரவுக் காட்சி கனக்க இருந்தால் இருட்டையும் கறுப்புக் கோடு என்று எண்ணிவிடும். இலங்கையில் எடுத்தது பால் (PAL) என்ற ரீவி முறை, டிவிடியில் படத்தின் அளவு 720×576 புள்ளிகள். பெரியம்மாவின் படத்தில் மேலே 4, கீழே 12, இடது 10, வலது 14 வெட்டினேன், மிச்சம் 696×560. எண்கள் இரட்டைப்படையாக இருக்கட்டும், மேல் கீழ் எண்கள் நாலால் வகுபட்டால் இன்னும் நல்லது. அனமோர்ஃபிக் (படத்தைச் சரியான அகலத்துக்கு இழுத்துக் காட்டும் வசதி) என்பதை ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள், அதை நிறுத்தினால் முகமெல்லாம் ஒடுங்கிப்போகும். அகல ரீவியை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டாதீர்கள், உயரத்தில் கால்வாசி போய்விடும். நான் ஆசைக்கு ஒருக்கால் செய்து பார்த்தேன், மாப்பிள்ளையின் தலைப்பாகை பாதிதான் இருந்தது.

அடுத்தது சீப்புப் பல். ஆட்கள் அசையும்போது விளிம்பில் படுக்கைக் கோடுகளாகத் தெரிகிறதே, அதுதான் இன்டர்லேஸ். அதை எடுக்க, ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸுக்கு பிவ்டிஃப் (Bwdif), அதில் பாப் (Bob) என்பதைத் தெரிவுசெய்தால் செக்கனுக்கு 25 ஃப்ரேம் 50 ஆகி அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இதில்தான் நான் அரை நாளைத் தொலைத்தேன்: வீடியோ பக்கத்தில் ஃப்ரேம்ரேட் 30 என்று ப்ரீசெட்டோடு (மென்பொருளே தரும் ஆயத்த அமைப்போடு) வந்திருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டதால் 50 ஃப்ரேமில் மிச்சத்தைத் தூக்கி எறிந்து படம் வெட்டி வெட்டி ஓடியது. சேம் ஆஸ் சோர்ஸ் என்று மாற்றுங்கள். கனடாவில் இருந்து வந்த கசெற் என்றால் 720×480, செக்கனுக்கு 29.97, அதையும் 25 ஆக்கப் போகாதீர்கள்.

தரத்துக்கு கான்ஸ்டன்ட் குவாலிட்டி, ஆர்எஃப் என்ற தர எண் 18. எண் குறையக் குறைய தரம் கூடும், ஆறு குறைத்தால் பைல் கிட்டத்தட்ட இரட்டிக்கும். பழைய கசெற்றில் இரைச்சல் புள்ளிகள் அதிகம் என்பதால் சிலவேளை புது பைல் டிவிடியைவிடப் பெரிதாகவும் வரும், பயப்பட வேண்டாம். புள்ளியை எடுக்கிறேன் என்று டீநாய்ஸை உச்சத்தில் வைத்தால் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும், லைட்டுக்கு மேல் போகாதீர்கள். கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) எச்264 போதும், பெரியம்மா வீட்டு ரீவியில் பென் டிரைவ் குத்தினாலும் ஓடும். அளவைப் பெருப்பிக்கவும் வேண்டாம். ஆடியோவில் பாஸ்த்ரூ, அதாவது சத்தத்தைத் தொடாமல் அப்படியே எடுப்பது, நாதஸ்வரத்தையாவது விட்டு வைப்போம்.

முழுவதையும் ஓட விடுமுன் ஒரு நிமிடத் துண்டு எடுத்துப் பாருங்கள். தாலி கட்டும் நேரம் எல்லோரும் அறுகரிசி போடும் இடம்தான் சரியான சோதனை. அரிசியும் பூவும் பறக்கும், கமெராக்காரரின் வெளிச்சம் அடிக்கும், ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே படம் சதுரம் சதுரமாக உடையவில்லை என்றால் வேறெங்கும் உடையாது. உடைந்தால் ஆர்எஃப்பை 16க்கு இறக்குங்கள்.

பைலை எம்பி4 ஆக இல்லாமல் எம்கேவி ஆக எழுத விடுங்கள். இரவு ஓட விட்டுப் படுத்தால் விடியப்புறம் கரண்ட் போகும். எம்பி4 என்றால் பைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், பாதியில் நின்றால் பைல் திறக்காது. எம்கேவியில் எழுதிய வரைக்கும் ஓடும், எந்த இடத்தில் நின்றது என்றாவது தெரியும். பேந்து எம்பி4 வேண்டும் என்றால் திரும்ப என்கோட் பண்ணாமலே பெட்டியை (பைல் வகையை) மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள், வாயும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று. டிவிடி ஃபோல்டரை அழிக்காதீர்கள், இன்னொரு டிஸ்க்கில் ஒரு கொப்பி போட்டு வையுங்கள்.