"பேயே வரல, படம் மொக்க": ஸ்லோ பர்ன் ஹாரர் படங்கள்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜூன்ல ஹெரிடிட்டரிங்கிற ஹாரர் படம் அமெரிக்காவுல ரிலீஸ் ஆனப்ப, விமர்சகர்கள் அதைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. அந்த வருஷம் ஜனவரில சன்டான்ஸ் விழாவுல பார்த்தவங்களும் மிரண்டு போய்த்தான் வெளிய வந்தாங்க. ஆனா முதல் நாள் காசு குடுத்து பார்த்த பொதுஜனம் போட்ட மார்க் டி பிளஸ். சினிமாஸ்கோர்னு ஒரு கம்பெனி இருக்கு, படம் ரிலீஸ் ஆகுற அன்னிக்கு தியேட்டர் வாசல்லயே ஆடியன்ஸ்கிட்ட ஒரு கார்டு குடுத்து ஏ பிளஸ்ல இருந்து எஃப் வரைக்கும் மார்க் போடச் சொல்லுவாங்க, அந்தக் கணக்குல டி பிளஸ்னா ஏறக்குறைய ஃபெயில். இது மட்டும் இல்ல, 2016ல ரிலீஸ் ஆன தி விச்சுக்கு சி மைனஸ், 2017ல இட் கம்ஸ் அட் நைட்டுக்கு டி, அதே வருஷம் வந்த மதருக்கு நேரா எஃப்.

எனக்கு இந்த மாதிரி மெதுவா பயத்தை ஏத்துற ஸ்லோ பர்ன், அதாவது மனசோட விளையாடுற சைக்கலாஜிகல் ஹாரர் படங்கள்னா உயிர். அதனால இதைப் பார்க்கும்போதும் பேசும்போதும் திரும்பத் திரும்ப நடக்குற தவறுகளைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஹெரிடிட்டரியவே எடுத்துக்குறேன், முடிவை உடைக்க மாட்டேன், ஆனா ரெண்டு மூணு சீனைக் கிட்டப் போய் பார்க்கப் போறோம், படம் இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிச்சா நல்லது.

முதல் தவறு அந்த மார்க்கையே படத்தோட தரம்னு எடுத்துக்குறது. அந்தக் கார்டுல பதில் சொல்றது முதல் நாள் வந்த கூட்டம். டிரெய்லர் பார்த்து, போஸ்டர் பார்த்து, மனசுல ஒரு படத்தை ஏற்கெனவே ஓட்டிட்டு வந்த கூட்டம் அது. அவங்க மார்க் சொல்றது "நான் எதிர்பார்த்தது கிடைச்சுதா"ங்கிற ஒரு கேள்விக்கான பதில்தான். காபினு நினைச்சு டீயை வாயில வெச்சா, டீ எவ்வளவு நல்லா இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஹெரிடிட்டரி டிரெய்லர்ல அந்தச் சின்னப் பொண்ணு சார்லிதான் கதையே மாதிரி காட்டியிருந்தாங்க, வெட்டு வெட்டா வேகமா இருக்கும், ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ஒரு தியேட்டர்ல தவறிப் போய் பீட்டர் ராபிட் படத்துக்கு முன்னாடி அந்த டிரெய்லர் ஓடி, பிள்ளைங்களைத் தூக்கிட்டு பெத்தவங்க வெளிய ஓடின செய்தியெல்லாம் அப்ப வந்துச்சு. அப்படி ஒரு டிரெய்லரை நம்பி வந்தவனுக்கு 2 மணி 7 நிமிஷப் படத்துல பாதி நேரம் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில உக்காந்து ஒருத்தர ஒருத்தர் வார்த்தையால குத்திக்கிறதைக் காட்டினா என்ன மார்க் போடுவான்?

அதே படம் அமெரிக்காவுல முதல் வார இறுதியில வசூல் பண்ணது ஏறத்தாழ 1.36 கோடி டாலர், கடைசியில மொத்தமா 4.4 கோடி டாலர் வந்துச்சு. முதல் மூணு நாள் கணக்கைப் போல மூணு மடங்குக்கு மேல. ஹாரர் படம் பொதுவா முதல் வாரத்தோட படுத்துடும், இது படுக்கல, ஜனங்க அடுத்தடுத்த வாரமும் போய்ப் பார்த்துட்டே இருந்தாங்க. டி பிளஸ் மட்டும் பார்த்து "ஆடியன்ஸ் துப்பிட்டாங்க"னு எழுதுறவங்க இந்தப் பாதியை விட்டுடுறாங்க.

ரெண்டாவது தவறுதான் ரொம்ப முக்கியமானது, "ஒண்ணுமே நடக்கல, ஜவ்வு மாதிரி இழுக்குறான்"னு சொல்றது. திடீர்னு சத்தம் போட்டு உடம்பத் தூக்கிவாரிப் போட வைக்கிற பயம் ஒரு நொடி வேலை, பூனை குதிச்சாலும் நடக்கும், நடந்த உடனே ஆறிடும், சிரிப்புகூட வந்துடும். வயித்துல புளியைக் கரைக்கிற பயத்துக்கு நேரம் வேணும், ஏதோ நடக்கப் போகுதுன்னு தெரியணும், ஆனா என்ன, எப்போன்னு தெரியக் கூடாது. ஸ்லோ பர்ன் படம் அந்த நேரத்தைத்தான் கட்டிட்டு இருக்கும், நமக்கு அது சும்மா இருக்குற மாதிரி தெரியும்.

ஹெரிடிட்டரில வர்ற அந்த கார் சீனை எடுத்துக்கோங்க. என்ன ஆச்சுன்னு நான் சொல்லல. ஆன உடனே வேற எந்தப் படமா இருந்தாலும் கேமரா பின் சீட்டைக் காட்டியிருக்கும், மியூசிக் அலறியிருக்கும். இங்க கேமரா டிரைவர் சீட்ல இருக்குற பையன் பீட்டரோட முகத்துல நிக்குது. அவன் திரும்பிப் பார்க்கல. கண்ணாடிய ஏறிட்டுப் பார்க்கப் போய் பாதியிலயே கண்ணை எடுத்துடுறான். அப்புறம் மெதுவா வண்டியக் கிளப்பி வீட்டுக்குப் போய், யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம, கட்டில்ல போய் படுத்துக்குறான். விடியுது. கண்ணை மூடாம கிடக்குற அவன் முகம்தான் திரையில, வெளிய அம்மா ஏதோ வாங்கிட்டு வரேன்னு காருக்குப் போற சத்தம் மட்டும் கேக்குது. அடுத்து என்ன சத்தம் வரப் போகுதுன்னு நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது. அந்தக் காத்திருப்புல ஒண்ணுமே நடக்கலன்னு எப்படிங்க சொல்ல முடியும்? ஒரு பையன் தான் பண்ணதை ஒத்துக்க முடியாம உறைஞ்சு போறதை அந்த நடிகர் அலெக்ஸ் வுல்ஃப் வெறும் கண்ணால காட்டியிருப்பார், எனக்கு அந்தப் படத்துலயே அதைவிடப் பயங்கரமான நேரம் வேற கிடையாது.

இதோட ஒட்டின இன்னொரு தவறு, இந்த மாதிரி படத்தை மத்தியான வெளிச்சத்துல, போன்ல, பாதி பிரைட்னஸ்ல பார்த்துட்டு ரிவ்யூ போடுறது. கடைசிப் பகுதியில பீட்டர் இருட்டு ரூம்ல தூக்கத்துல இருந்து எழுந்து உக்காருவான், ஷாட் அப்படியே நிக்கும், எதையும் சுட்டிக் காட்டாது. அவனுக்குப் பின்னாடி, சுவரும் கூரையும் சேர்ற மூலையில ஒரு உருவம் ஒட்டிட்டு இருக்கும். நம்ம கண்ணு இருட்டுக்குப் பழகப் பழகத்தான் அது தெரியும். அதனாலதான் தியேட்டர்ல அந்த சீனுக்கு ரியாக்‌ஷன் ஒரே நேரத்துல வராது, முதல்ல ஒருத்தர் மூச்சை இழுப்பாரு, அப்புறம் இன்னொரு வரிசையில ஒரு குரல், பக்கத்துல இருக்குறவர் "எங்க, எங்க"ன்னு கேப்பாரு, பார்த்ததும் அவரும் அமைதியாயிடுவாரு. போன்ல பார்த்தா அங்க வெறும் கறுப்புதான் இருக்கும், நீங்க "ஒரு பையன் கட்டில்ல சும்மா உக்காந்திருக்கான்"னு பத்து செகண்ட் தள்ளி விட்டுருப்பீங்க. சத்தமும் அப்படித்தான். கோலின் ஸ்டெட்சன்னு ஒரு சாக்ஸபோன் கலைஞர் போட்ட மியூசிக் அது, நிறைய இடத்துல அடித்தொண்டையில உறுமுற மாதிரி ஓடும், போன் ஸ்பீக்கர்ல அந்த கீழ் சத்தம் சுத்தமா வராது. ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு, ஒரு நல்ல ஹெட்போனாவது போட்டுப் பாருங்க. 1.5 வேகத்துல வெச்சுப் பார்க்குறதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம். நம்ம ஊர் தியேட்டர்ல இன்டர்வெல் விடுறதும் இந்த வகைப் படத்தை ரொம்ப அடிக்கும், ஒரு மணி நேரமா ஏத்தி வெச்ச இறுக்கம் பாப்கார்ன் கியூல இறங்கிடும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது, திரும்பி வந்ததும் போனைத் தொடாம இருக்கலாம், அவ்வளவுதான்.

தியேட்டர்ல சிரிக்கிறவங்க விஷயம். பயங்கரமான ஒரு சீன்ல யாராவது சிரிச்சா உடனே ரெண்டு முடிவு எடுக்குறோம், ஒண்ணு "படம் காமெடி ஆயிடுச்சு", இல்லன்னா "இந்த ஜென்மங்களுக்கு ரசனையே கிடையாது". ரெண்டுமே தப்பு. இறுக்கம் தாங்க முடியாதப்ப உடம்பு அதை எப்படியாவது வெளிய தள்ளப் பார்க்கும், சிலருக்கு அது கத்தல், சிலருக்கு பக்கத்து சீட் ஆள் கையைப் புடிக்கிறது, நிறைய பேருக்கு சிரிப்பு. ஃபிரெண்ட்ஸ் கூட வந்த காலேஜ் பசங்க பயந்ததை வெளிய காட்டிக்க முடியாம சிரிக்கிறதும் உண்டு. படம் உண்மையிலயே சறுக்கி சிரிப்பு வர்ற இடமும் இருக்கு, ஹெரிடிட்டரியோட கடைசி பத்து நிமிஷம் சில பேருக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதையும் மறுக்கக் கூடாது. வித்தியாசம் தெரியணும்னா சிரிப்புக்கு அடுத்த அஞ்சு செகண்டைக் கவனிங்க. பயத்துல வந்த சிரிப்பு சட்டுன்னு அடங்கி ஹாலே நிசப்தமாயிடும், கிண்டல் சிரிப்புன்னா அது பக்கத்து ஆளுக்குப் பரவி கமென்ட்டா மாறும்.

இப்ப நம்ம பக்கத்துத் தவறுக்கு வரேன், அதாவது இந்தப் படங்களை நேசிக்கிறவங்க பண்றது. புடிக்கலன்னு யாராவது சொன்னா "உனக்குப் புரியல"ன்னு அடிக்கிறது. புரிஞ்சும் புடிக்காம இருக்கலாம்ங்க. இட் கம்ஸ் அட் நைட் பார்த்தவங்க கோவத்துல நியாயம் இருக்கு, தலைப்புலயே ராத்திரி ஏதோ வரும்னு சொல்லிட்டு, டிரெய்லர்லயும் அதையே காட்டிட்டு, படம் முழுக்க மனுஷனுக்கு மனுஷன் மேல வர்ற சந்தேகத்தைப் பத்தி மட்டும் பேசினா ஏமாந்த மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்தப் படம் ரொம்பப் புடிக்கும், ஆனாலும் அந்த ஏமாற்றத்துல தப்பு இருக்குறதா எனக்குத் தோணல. "இது சாதாரண பேய்ப்படம் கிடையாது, உயர்ந்த ரக ஹாரர்"னு ஒரு ஜாதி பிரிக்கிறதும் வேண்டாம். தி கான்ஜூரிங் படத்துக்கு அதே முதல் நாள் ஆடியன்ஸ் ஏ மைனஸ் போட்டாங்க, அது பேய் வரும்னு சொல்லுச்சு, அருமையா வர வெச்சுது, அந்தத் திறமையைக் கீழ வெச்சுப் பேச என்ன இருக்கு?

முதல் வார ரியாக்‌ஷனை கடைசித் தீர்ப்பா எடுத்துக்குறதும் கூடாது. 1980ல தி ஷைனிங் வந்தப்ப குப்ரிக்கை அந்த வருஷத்தோட மோசமான டைரக்டர் பட்டியல்லயும், ஷெல்லி டுவாலை மோசமான நடிகை பட்டியல்லயும் ராஸி விருதுக்காரங்க சேர்த்தாங்க. இன்னிக்கு ஹாரர்னு பேச்சு எடுத்தாலே அந்தப் படத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறோம், டுவால் பேரை அந்தப் பட்டியல்ல இருந்து 2022ல ராஸி அமைப்பே வாபஸ் வாங்கிடுச்சு.

படம் முடிஞ்ச அடுத்த நிமிஷமே முடிவை விளக்குற வீடியோவைத் தேடுறதும் வேண்டாம், ஒரு நாள் விடுங்க. பேய் நிஜமா, இல்ல அந்த அம்மாவோட மனசு கலங்கினதான்னு உங்க மண்டைக்குள்ள ஓடுற குழப்பம் இருக்கே, டைரக்டர் ரெண்டு மணி நேரம் பாடுபட்டது அதுக்குத்தான். முடிஞ்சா ரெண்டாவது தடவை பாருங்க. பீட்டர் பார்ட்டிக்குப் போற வழியில ரோட்டோரக் கம்பத்துல ஒரு குறி இருக்கும், கிளாஸ்ல வாத்தியார் ஹெர்குலிஸ் கதைய நடத்தும்போது தப்பிக்க வழியே இல்லாதவனோட சோகம் பெருசா சின்னதான்னு ஒரு பேச்சு வரும், முதல் தடவை இதெல்லாம் காதுலயும் கண்ணுலயும் விழுந்தே இருக்காது.

கடைசியா, யாருக்கு எப்படி சிபாரிசு பண்றீங்கங்கிறது. "செம பயமா இருக்கும் மச்சி, நைட் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா அங்கயே பாதி படம் கெட்டுடும். "ரொம்ப மெதுவா போகும், ஒரு குடும்பம் சாவுக்கு அப்புறம் உடைஞ்சு போற கதை, பேயெல்லாம் அப்புறம்தான்"னு சொல்லுங்க, படத்தோட டைரக்டர் ஆரி ஆஸ்டரே பேட்டிகள்ல இதை ஒரு குடும்ப சோகமாத்தான் பேசினார். முக்கியமா, வீட்டுல சமீபத்துல யாரையாவது இழந்தவங்களுக்கு இந்தப் படத்தைச் சொல்லும்போது என்ன இருக்குன்னு முன்கூட்டியே வெளிப்படையா சொல்லிடுங்க. அம்மாவா நடிச்ச டோனி கோலெட் தரையில விழுந்து கதறுற அந்த சீன் துக்க வீட்டுல கேட்ட அழுகை மாதிரியே இருக்கும். சர்ப்ரைஸ் போச்சேன்னு கவலைப்படாதீங்க, பார்க்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்கதான்.